உப்பு மாதிரி ஒரு மருந்து: லித்தியத்தின் கதை

கொஞ்சம் நீளமான திரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்கார்ந்து படிங்க.

உங்க கையில் இருக்கிற செல்போன் எதில் ஓடுது? லித்தியம் பேட்டரியில். அதே லித்தியம் மாத்திரையாக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசமாகவும் கிடைக்குது. பல லட்சம் குடும்பங்களைக் காப்பாற்றிய மாத்திரை அது.

அந்த மாத்திரை எப்படி வந்தது? அதை முதன்முதலில் சாப்பிட்டுக் குணமானவருக்குக் கடைசியில் என்ன ஆச்சு? அதை மனசில் வைக்காமல் நான் ஒருமுறை எப்படி ஒருத்தரை ஆபத்தில் தள்ளினேன்? மூணையும் சொல்றேன்.

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி. கத்திரி வெயில். ஓபி வரிசை வாசலைத் தாண்டி நிக்குது. ஐம்பதை நெருங்கும் ஒருத்தர் இடுப்பு வலின்னு வந்தார்.

"சுகர் இருக்கா? பிரஷர்? அல்சர்?"

"இல்ல சார்."

"வேற ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுறீங்களா?"

அவர் ஒரு நொடி பின்னாடி திரும்பிப் பார்த்தார். மேஜை மேலே சாய்ஞ்சபடி நாலு பேர் நிக்கிறாங்க. "இல்ல சார்"னு சொன்னார். நான் அஞ்சு நாளைக்கு டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்து, "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம்.

நாலாவது நாள் ராத்திரி எனக்கு கேஷுவால்டி டூட்டி. அதே ஆளைத் தூக்கிட்டு வந்தாங்க. நாக்கு குழறுது. ரெண்டு கையும் உதறுது. நிக்க வெச்சா தள்ளாடுறார். ரெண்டு நாளா வாந்தி, வயித்தால போகுது. பக்கத்தில் யாரோ "சரக்கு ஓவராயிடுச்சு போல"ன்னு சொன்னாங்க.

"அவரு குடிக்கவே மாட்டாரு சார்" என்று அவர் மனைவி சொன்னார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுத்திமுத்திப் பார்த்துட்டு, பர்ஸில் மடிச்சு வெச்சிருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

லித்தியம் கார்பனேட்.

"பன்னெண்டு வருஷமா சாப்பிடுறாரு சார். எங்க சொந்தக்காரங்களுக்கே தெரியாது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் எழுதிக் கொடுத்த வலி மாத்திரைதான் அவரை இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கு என்பது அந்த நொடியில் புரிஞ்சுது. ஏன் அப்படின்னு பின்னாடி சொல்றேன்.

இப்போ 1948-க்குப் போவோம். இடம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம்.

அங்கே பண்டூரா என்ற இடத்தில் முன்னாள் போர்வீரர்களுக்கான மனநல மருத்துவமனை. அதில் வேலை பார்த்தவர் டாக்டர் ஜான் கேட். வயது 36. அவருடைய அப்பாவும் மனநல மருத்துவமனை டாக்டர்தான். அந்த வளாகங்களில்தான் ஜானின் சிறுவயது கழிந்தது. நமக்கெல்லாம் பயமாக இருக்கிற இடம் அவருக்குச் சொந்த வீடு மாதிரி.

இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராகப் போன ஜான், 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது பிடிபட்டார். மூன்றரை வருஷம் சாங்கி சிறைமுகாம். பசி, பெரிபெரி, சாவு. மனம் குழம்பிய கைதிகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். மனநோய்க்கு உடலுக்குள்ளும் ஏதோ காரணம் இருக்கணும் என்ற எண்ணம் அவரிடம் அங்கே வலுத்தது.

ஊர் திரும்பியதும் அதைத் தேட ஆரம்பித்தார். ஆராய்ச்சிக்கூடமா? ஆளில்லாமல் கிடந்த ஒரு பழைய சமையலறை. பணமா? கிட்டத்தட்ட இல்லை. உதவியாளரா? இல்லவே இல்லை.

அவர் தேடியது மேனியா என்ற நிலைக்கான காரணத்தை. அது என்னன்னு இங்கே கொஞ்சம் நின்னு சொல்லிடறேன். ஏன்னா கதையின் முடிச்சு இதில்தான் இருக்கு.

இருதுருவ மனநோய், அதாவது பைபோலார். இதில் மனசு ரெண்டு எல்லைக்குப் போகும். ஒரு பக்கம் ஆழமான சோர்வு. இன்னொரு பக்கம் மேனியா. மேனியாவில் நாலு நாள் தூங்காமல் இருந்தாலும் களைப்பே தெரியாது. பேச்சு நிக்காது. புதுப்புது யோசனை கொட்டும். வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சு ஒரே வாரத்தில் மூணு தொழில் தொடங்குவாங்க. யாராவது தடுத்தா கோபம் தலைக்கேறும்.

நல்லா கவனிங்க. காய்ச்சல் வந்தா நமக்கே தெரியும். கால் உடைஞ்சா நமக்கே தெரியும். "எனக்கு உடம்பு சரியில்லை"ன்னு கண்டுபிடிச்சுச் சொல்றது மூளை. மேனியாவில் அந்த மூளையே நோயில் இருக்கு. தெர்மாமீட்டரே பழுதானா காய்ச்சலை எப்படிப் பார்ப்பீங்க? அதனால்தான் அவங்க "எனக்கு ஒண்ணுமில்ல, வாழ்க்கையிலேயே இப்பத்தான் நல்லா இருக்கேன்"னு சொல்றாங்க. அது பொய் இல்லை, திமிரும் இல்லை. அவங்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கு.

1940-களில் இதற்கு மருந்து கிடையாது. மயக்க மருந்து, மின் அதிர்வு சிகிச்சை, பூட்டிய அறை. அவ்வளவுதான்.

தைராய்டு சுரப்பு கூடினா ஒரு நோய், குறைஞ்சா வேறொரு நோய் வருதே, அந்த மாதிரி மேனியாவுக்கும் உடலில் ஏதோ ஒரு பொருள் கூடுவதுதான் காரணமா இருக்குமோ என்று ஜான் நினைத்தார். கூடினது சிறுநீரில் வெளியேறணுமே? நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்தார். வீட்டு ஃப்ரிட்ஜில், சாப்பாட்டுப் பொருளுக்குப் பக்கத்திலேயே அந்த பாட்டில்கள் இருந்தன. வீட்டம்மாவின் பொறுமையை நினைச்சுப் பாருங்க!

அந்தச் சிறுநீரை கினிப் பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டார். (பேருதான் பன்றி, எலி இனம்.) சிறுநீரில் எது நச்சு என்று ஆராயும்போது யூரிக் அமிலத்தைக் கரைக்க வேண்டி வந்தது. அது லேசில் கரையாது. லித்தியத்தோடு சேர்ந்த உப்பு நல்லா கரையும். அதற்காகத்தான் லித்தியத்தைக் கையில் எடுத்தார். வேறு எந்த நோக்கமும் இல்லை.

லித்தியம் கொடுத்த பிராணிகள் சாதுவாயிடுச்சு. மல்லாக்கப் படுக்க வெச்சாலும் துள்ளாமல், முழிச்சபடியே கிடந்தன. ஜானுக்குப் பொறி தட்டியது. மேனியாவில் கொதிக்கிறவர்களுக்கு இதைக் கொடுத்தா?

அந்த கினிப் பன்றிகள் அமைதியாகவே இல்லை, நச்சேறி சோர்ந்து கிடந்திருக்கும் என்று பிற்காலத்தில் பல ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவருடைய யூரிக் அமிலக் கணக்கும் நிலைக்கவில்லை. தப்பான பஸ்ஸில் ஏறி சரியான ஊரில் இறங்கிய கதைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லணும். நோயாளிக்குக் கொடுக்கும் முன் அந்த லித்தியத்தை அவரே சாப்பிட்டுப் பார்த்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற பிறகுதான் வார்டுக்குள் கொண்டு போனார்.

1948 மார்ச் 29. முதல் நோயாளி. மருத்துவக் கட்டுரையில் அவர் பெயர் வெறும் ரெண்டு எழுத்து: டபிள்யூ.பி. வயது 51. அஞ்சு வருஷமாக இறங்காத மேனியா. அந்த வார்டிலேயே அதிகத் தொல்லை தருபவர் என்று பெயர் வாங்கியவர். வாழ்நாள் முழுக்க அங்கேதான் என்று எல்லோரும் முடிவு கட்டிய ஆள்.

சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்தது. மூணு வாரத்தில் தேறியவர்களுக்கான வார்டுக்கு மாறினார். ஜூலை 9, வீட்டுக்கே போனார். பழைய வேலையில் மறுபடி சேர்ந்தார்.

அஞ்சு வருஷம் ஒரே அறைக்குள் கத்திக்கொண்டிருந்த மனுஷன், காலையில் எழுந்து குளிச்சு வேலைக்குப் போறார். அந்த வீட்டில் அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்!

படம்னா இங்கே சுபம் போட்டுடலாம். ஆனால் இது வாழ்க்கை.

1949 ஜனவரியில் டபிள்யூ.பி. திரும்ப மருத்துவமனைக்கு வந்தார். பழையபடி மேனியா. விசாரித்தால், சுமார் ஆறு வாரத்துக்கு முன்னாடியே மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

ஆமாங்க. லித்தியம் சாப்பிட்டு மேனியாவிலிருந்து எழுந்த அந்த முதல் நோயாளியும், "இப்பத்தான் நல்லா இருக்கேனே, எதுக்கு மாத்திரை?" என்ற இடத்துக்குத்தான் வந்து நின்றார். இன்னைக்கு என் ஓபியில் வாரத்துக்கு நாலு பேர் கேட்கிற அதே கேள்வி.

மறுபடி லித்தியம். மறுபடி தேறினார். பிப்ரவரி கடைசியில் வீடு. 1949 செப்டம்பர் 3-ம் தேதி 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியா'வில் ஜானின் கட்டுரை வந்தது. மேனியா நோயாளிகள் பத்து பேர், பத்து பேருக்கும் முன்னேற்றம்.

அதே 1949-ல் அமெரிக்காவில் வேறொரு கூத்து. இதய நோய், பிரஷர் காரணமாக உப்பைக் குறைத்தவர்களுக்கு, சாதா உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை 'மாற்று உப்பு' என்று கடையில் விற்றார்கள். அளவு கிடையாது. சாப்பாட்டில் தூவிக்கொள்ள வேண்டியதுதான். பலருக்கு நச்சேறியது, சிலர் இறந்தார்கள். அமெரிக்க அரசு அந்த உப்பைக் கடைகளிலிருந்து எடுக்க வைத்தது. லித்தியம் என்றாலே விஷம் என்று பெயர் கெட்டுப்போனது.

மெல்போர்னிலும் இடி விழுந்தது. டபிள்யூ.பி.க்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது. மருந்தைக் கொடுத்தால் நச்சு அறிகுறி. நிறுத்தினால் மேனியா. 1950 மே மாதம் லித்தியம் நச்சேறியே அவர் இறந்துபோனார்.

உலகத்தில் முதல் வெற்றி என்று எழுதப்பட்ட மனிதரை அந்த மருந்தே கொன்றது. ஜான் மனமுடைந்து லித்தியத்தைக் கைவிட்டார்.

எங்கே தப்பு நடந்தது? ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கு என்று அளக்காமல் கொடுத்ததுதான். லித்தியத்தில் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. இன்றைக்கு நாங்கள் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்க்கிறோம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து மணி.

அதே மெல்போர்னில், பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் டிராட்னர் இந்த இடத்தைப் பிடித்தார். லித்தியத்தைச் சுடரில் காட்டினால் செக்கச்செவேலென்று எரியும். அந்தச் சிவப்பு ஒளியை அளந்தால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கு என்று சொல்லிவிடலாம். 1951-ல் அவரும் டாக்டர் நோவாக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அளந்து கொடுத்தால் ஆபத்தில்லாமல் கொடுக்கலாம் என்று தெளிவானது.

அடுத்து டென்மார்க். மோகன்ஸ் ஷோ என்ற மனநல மருத்துவர் 1954-ல் லித்தியத்தை மாற்று மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார். மேனியாவுக்கு வேலை செய்கிறது என்று உறுதியானது. அவருக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. அவருடைய சொந்தத் தம்பி திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வில் அவதிப்பட்டவர். லித்தியத்துக்குப் பிறகுதான் அந்தத் தம்பியின் வாழ்க்கை நிலைக்கு வந்தது.

ஷோவும் அவருடைய சகா பாஸ்ட்ரப்பும் இன்னொன்றைக் கவனித்தார்கள். லித்தியம் வந்த நோயை அடக்குவதோடு நிற்கவில்லை, அடுத்த தடவை வராமலும் தடுத்தது. 1968-ல் லண்டன் மருத்துவர்கள் ரெண்டு பேர் "இது வெறும் நம்பிக்கை, ஆதாரம் எங்கே?" என்று போட்டுத் தாக்கினார்கள்.

பதில் 1970-ல் வந்தது. லித்தியத்தில் நிலையாக இருந்த 84 பேர். 45 பேருக்கு லித்தியம் தொடர்ந்தது. 39 பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. அஞ்சு மாதம்.

வெற்று மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது.

லித்தியம் சாப்பிட்ட 45 பேரில்? ஒருத்தருக்கும் இல்லை.

இந்த எண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. 21-க்கு எதிரே பூஜ்யம். "மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா டாக்டர்?" என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதே 1970-ல் அமெரிக்காவும் மேனியாவுக்கு லித்தியத்தை அனுமதித்தது. பைபோலார் நோயாளிகளிடம் தற்கொலை ஆபத்தை அது குறைப்பதாகவும் நீண்டகால ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. 1980-ல் ஜான் கேட் கண்ணை மூடும்போது, அவர் பழைய சமையலறையில் கரைத்த அந்த உப்பு உலகம் முழுக்கப் போயிருந்தது.

சரி, நம்ம ஆளிடம் திரும்புவோம்.

என் வலி மாத்திரை என்ன செய்தது? நம்ம சிறுநீரகம் லித்தியத்தைக் கிட்டத்தட்ட சாதா உப்பு மாதிரியே நடத்தும். வெயிலிலோ வயித்துப்போக்கிலோ உடம்பில் தண்ணியும் உப்பும் குறைஞ்சா, சிறுநீரகம் "உப்பை வெளியே விடாதே"ன்னு இறுக்கிப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறும் வழியை இன்னும் அடைக்கும்.

கத்திரி வெயில், என் மாத்திரை. லித்தியம் ஏறியது. ஏறியதால் வாந்தி பேதி. அதனால் தண்ணி இன்னும் வத்திப்போச்சு. லித்தியம் இன்னும் ஏறியது. அமெரிக்காவில் உப்பைக் குறைத்தவர்கள் லித்தியம் உப்பு சாப்பிட்டு இறந்ததும் இதே கணக்கில்தான்.

லித்தியத்தை நிறுத்தி, ட்ரிப்ஸ் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். ரத்தத்தில் லித்தியம் 2-ஐத் தாண்டியிருந்தது. டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் ஏன் என்னிடம் மறைத்தார் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். சுகர் மாத்திரையா இருந்தா ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார். மனநோய் மாத்திரை என்பதால் வாயைத் திறக்கல. அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டது நான்.

டபிள்யூ.பி. காலத்தில் ரத்தத்தில் லித்தியத்தை அளந்து பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. இன்னைக்கு அது இருக்கு, மருந்தும் இலவசம். ஆனாலும் பர்ஸுக்குள் ஒளித்து வைத்த ஒரு அட்டை ஒரு உயிரைக் கிட்டத்தட்ட கொண்டுபோயிருக்கும்.

அதனால், லித்தியம் சாப்பிடுபவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சில வார்த்தை:

1. எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா? அட்டையை மேஜையில் வைங்க, போதும்.

2. வலி, காய்ச்சல்னா பாராசிட்டமால் போதுமான்னு கேளுங்க. மெடிக்கலில் நேரா போய் வலி மாத்திரை வாங்காதீங்க. பிரஷர் மாத்திரைகளிலும் சிலது லித்தியத்தை ஏத்தும், அதனால் புது மாத்திரை எதுவானாலும் கேட்டுட்டுத் தொடங்குங்க.

3. தண்ணி நல்லா குடிங்க. திடீர்னு உப்பில்லாப் பத்தியம், கடும் விரதம் வேண்டாம்.

4. வாந்தி, பேதி, கை உதறல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தா அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு வாங்க.

5. டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனை: லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு. லித்தியம் அளவு பார்க்கக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுக்கணும்.

6. கர்ப்பத் திட்டம் இருந்தா முன்கூட்டியே மனநல மருத்துவரிடம் பேசுங்க.

7. நல்லா இருக்கீங்கன்னா அதுக்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம். நீங்களா நிறுத்தாதீங்க. தொந்தரவு இருந்தா சொல்லுங்க, அளவை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம்.

மனசு சரியில்லை, யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலையா? 14416, டெலி மானஸ். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம்.

அந்த அண்ணன் இப்பவும் என் ஓபிக்கு வருவார். சளி, இடுப்பு வலி, ஏதாவது. ஒண்ணும் பேசமாட்டார். மாத்திரை அட்டையைக் குப்புறத் திருப்பி என் மேஜையில் வைப்பார். நான் பார்த்துட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துடுவேன்.

என் மேஜைக்கு முன்னாடி இப்போ தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கேன். அடுத்து நிக்கிறவங்க அந்தக் கோட்டுக்குப் பின்னாடிதான் நிக்கணும். பெயின்ட் செலவு எண்பது ரூபாய்.

லித்தியம் சாப்பிடுறவங்க உங்க வீட்டிலோ தெருவிலோ இருந்தா இந்தத் திரெட்டை அவங்களுக்குத் தனியா அனுப்புங்க. குரூப்பில் அவங்க பேரைப் போட்டு டேக் பண்ணாதீங்க.